பிடி விடும் விசை

லாரிகள் ஓயும்வரை காத்திருக்க வேண்டும்.
தார்த்து நகரில் அது இரவு ஒன்றரைக்கு மேல்.
எமாயோகி ஆறு உறைந்து,
யாரோ இழுத்துப்போன சறுக்குவண்டித் தடத்தோடு கிடக்கிறது.
நிலவறை ஆய்வுக்கூடத்தில் லாக்லே
கல்மேசைமுன் மூச்சை அடக்கி
ஊசியை இறக்குகிறாள்.

துணி தைக்கிற ஊசி இல்லை.
இதன் நுனியில் கண்ணுக்கெட்டாத ஒரு நூல்,
நூலின் முனையில் ஒரே ஒரு முள்.
வைரஸே இல்லாமல் புட்டியில் வளர்த்த புரதம்.
ஆளில்லாத கை.
கீழே, பேருந்துக் கம்பியிலிருந்து வெட்டியெடுத்த
நகமளவு எஃகு.

தொடு. காத்திரு. இழு.
வராது. வராது.
சட்டென்று வரும்.
திரையில் கோடு பள்ளத்தில் விழுந்து ஏறும்.
அந்தப் பள்ளத்தின் ஆழத்துக்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

முப்பத்தேழு டிகிரியில் சீக்கிரம் விட்டுவிடுகிறது,
வாடகை வீட்டைக் காலி செய்கிறவன் மாதிரி.
இருபத்திரண்டில் கொஞ்சம் யோசிக்கிறது.
நாலு டிகிரியில்
பிடிவாதம்.
உப்பைக் கூட்டினால் ஒரு குணம்
புளிப்பேற்றினால் ஒரு குணம்
ஈரம் வற்றினால் சுருண்டு
தன் உருவத்தையே மறந்துவிடும்,
மறந்தும் ஒட்டிக்கொண்டிருக்கும்.
உருண்டு புரண்டாலும் ஒட்டுவதுதான் ஒட்டும் என்கிறோம்.
எது ஒட்டும் என்பதைக்
குளிரும் ஈரமும் பேசி முடித்துக்கொள்கின்றன.
உருள்கிறவனை யார் கேட்டார்கள்?

மூன்று மணிக்குக் கோடு நடுங்கியது.
லாரி இல்லை. சீரான நடுக்கம்,
நெருங்கி வருகிற நடுக்கம்.
கதவைத் திறந்தால் தாழ்வாரத்தில்
தரை துடைக்கும் இயந்திரத்தோடு ஃபைனா.

"இருபது நிமிடம் நிறுத்த முடியுமா?"
"அதுவரை நான் எங்கே போக?"
"உள்ளே வந்து உட்காருங்கள். ஆடாமல்."

பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருவதுபோல் உட்கார்ந்தாள்.
மடியில் கைகள்.
விரல் கணுக்களில் வெள்ளை வெள்ளையாய் வெடிப்பு.

"அது பேருந்துக் கம்பியா?"
"டிப்போவில் கேட்டு வாங்கியது."
"துடைத்திருக்கிறேன். ஒரு வசந்தம் முழுக்க.
ஒரு பேருந்துக்கு நாற்பத்தொரு கம்பி.
நான் முன்வாசலிலிருந்து, கிளாவ்தியா பின்வாசலிலிருந்து.
நடுவில் சந்திப்போம்.
அப்புறம் சாமான் அறையில் டீ.
ஜன்னல் கிடையாது, ஹீட்டர் ஒன்றே ஒன்று,
முழங்கால் இடிக்க உட்கார்ந்து
அவள் மருமகனைக் கேலி பண்ணிச் சிரிப்போம்."

இயந்திரத்தின் மின்விசிறிச் சத்தம்.

"மே மாதம் போய்விட்டாள்.
கையுறையில் ஓட்டை இருந்தது, மாற்றச் சொன்னேன்.
எந்தக் கம்பி என்று
உன் ஊசிக்குத் தெரியுமா?"

லாக்லேவுக்கு ரஷ்ய மொழி பள்ளிக்கூட அளவுக்குத்தான்.
கம்பி என்ற சொல் தெரியும், கையுறை தெரியும்.
காற்று என்ற சொல்லும் தெரியும்.
ஜன்னல் என்ற சொல்லும்.
சொல்லவில்லை.

"எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்று மட்டும் இது அளக்கும்.
யாரைப் பிடித்தது என்று அளக்காது.
ஒட்டியிருப்பதெல்லாம்
தொற்றிவிடுவதும் இல்லை."

ஃபைனா தலையாட்டினாள்.
கோடு ஒரு துள்ளு துள்ளியது.
"ஆடிவிட்டேனா?"
"பரவாயில்லை. இன்னொன்று எடுக்கலாம்."

நாலு டிகிரி. உப்பு நடுத்தரம்.
ஊசி மேலே போகிறது, நூல் நீள்கிறது,
கை விடவில்லை.
ஒருத்தி எண்ணுக்காக, ஒருத்தி எதற்கென்று தெரியாமல்
இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு
திரையைப் பார்க்கிறார்கள்.

விட்டது.

நல்ல பள்ளம், இந்த வாரத்திலேயே ஆழமானது.
லாக்லே நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.
"முடிந்ததா? நான் கிளம்பலாமா?"
முடிந்துதான் இருந்தது.

"இன்னும் கொஞ்சநேரம் இருங்கள்," என்றாள்,
குளிர்விப்பானை அணைத்தபடி.